எட்டுக் கோடுகள்

மூன்றாம் எண் அறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரின் பச்சைப் பெயின்டைக் கீறி யாரோ ஐந்து கோடுகள் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு ஹேமாவதி வேலைக்கு வந்தபோது அவை இல்லை. குனிந்து தடவிப் பார்த்தாள். நகத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எதுவும் போகவில்லை.

அவள் கையிலிருந்த தாளிலும் ஐந்து கோடுகள்தான். கால் மணிக்கு ஒருமுறை கதவிலிருக்கும் தகரத் தகட்டைத் தள்ளி, துவாரம் வழியாக உள்ளே பார்த்து, படுத்திருப்பவர் மூச்சு விடுவதைக் கண்ணால் கண்ட பிறகு ஒரு கோடு. அந்த மனநலக் காப்பகத்தில் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் வேலையே அதுதான். ஆறாவது கோட்டைப் போட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

அன்று ஆடிக் கிருத்திகை. மற்ற நோயாளிகளை அவரவர் வீட்டார் கூட்டிப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் பஞ்சாட்சரமும் காவடி தூக்கிக்கொண்டு போய்விட்டார். மலையிலிருந்து அரோகரா ஓசை அலையலையாக இறங்கி வந்து, பினாயில் நெடியடிக்கும் நீளமான நடையில் ஒருமுறை சுற்றிவிட்டு, காலியான அறைகளுக்குள் போய் அடங்கியது. ஊரே சேர்ந்து கூப்பிடுகிற அந்தக் குரலில் தன்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. போன மாதத்திலிருந்தே அப்படித்தான்.

போன் அடித்தது. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய பானுப்ரியா.

"அக்கா, அரக்கோணம் ரோட்லயே பஸ்ஸ நிறுத்திட்டாங்க. நடந்துகினு வரேன். ரெண்டு மணி நேரமாவும்."

"மெதுவா வா."

"ஒண்டியா இருக்கறியா? மலக் கொரங்குங்க எல்லாம் கூட்டத்துக்குப் பயந்து கீழ எறங்கிடிச்சாம். அதுங்கிட்ட டூட்டிய குடுத்துட்டு நீ தூங்குக்கா."

ஹேமாவதிக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றரைக்குப் போனபோது சுவரில் ஆறு இருந்தது. தகட்டைத் தள்ளினாள். கட்டிலில் அனுராதா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மலைக் குரங்குகள் கல்லையும் கம்பியையும் எப்படிக் கருவியாக்குகின்றன என்று மூன்று வருஷம் பின்னாலேயே அலைந்து குறிப்பெடுத்தவள். ஒருநாள் நோட்டுப் புத்தகங்களையெல்லாம் எரித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். அவ்வப்போது வலிப்பும் வரும்.

"சுவத்துல நீங்களா கோடு போட்டீங்க?"

"நான் உள்ள இருக்கேன் சிஸ்டர். தாழ்ப்பாள் வெளியில இருக்கு."

"அப்போ யாரு?"

"காது கிழிஞ்சவ." அனுராதா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "ஒரு தடவை பாத்தா அதுங்க கத்துக்காது. தினமும் ஒரே மாதிரி செய்யணும். நீங்க தினமும் ஒரே மாதிரிதான் செய்றீங்க." திரும்பித் துவாரத்தைப் பார்த்தாள். "கமலா செத்த அன்னிக்கு மட்டும் வேற மாதிரி. நான் அப்போ எதிர் ரூம்ல இருந்தேன். காது கிழிஞ்சவ உங்க ஜன்னல்ல இருந்தா. ரெண்டு பேரும் பாத்தோம்."

ஹேமாவதி தகட்டை மூடினாள்.

போன மாதம் கமலா இதே அறையில்தான் இருந்தாள். அன்று மதியம் வெயிலும் தூக்கமும் கண்ணைக் கட்ட, ஹேமாவதி எழுந்து போகாமலேயே இரண்டு மணி நேரத்துக்கான எட்டுக் கோடுகளையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு மேசையில் தலைசாய்த்தாள். சாய்வதற்கு முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கிழிந்த ஒரு கிழட்டுப் பெண் குரங்கு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தபோது வலிப்பு வந்து குப்புறக் கிடந்த கமலாவின் உடம்பு சில்லிட்டிருந்தது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவள் பார்த்தாள். நான்கு மணிக்குப் பார்த்தாள். ஒவ்வொரு முறை திரும்பி நடக்கும்போதும் முதுகுக்குப் பின்னால் கல் உரசும் சத்தம், மெல்ல, ஒரே ஒரு தரம். திரும்பினால் நடை காலி. கடைசி ஜன்னலில் வலை ஒரு மூலையில் விலகியிருந்தது. கொக்கியாக வளைத்த கம்பித் துண்டு ஒன்று கீழே கிடந்தது. ஈரமான மயிரின் வாடை.

நாலே காலுக்குத் தகட்டைத் தள்ளியபோது அனுராதா குப்புறக் கிடந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று ஆடின.

தாழிட்ட அறைக்குள் ஒருத்தி தனியாகப் போகக்கூடாது. இன்னொருத்தி கதவருகே நிற்கவேண்டும். நிற்க யாருமில்லை. இன்னொரு கமலாவா? தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினாள். அனுராதாவைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நுரையைத் துடைத்தாள். இழுப்பு நிற்கவில்லை. ஊசி போட்டாக வேண்டும். மருந்து மேசைமேல்.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

"யாரு? பஞ்சாட்சரம் அண்ணே?"

தகடு நகர்ந்தது. துவாரத்தில் ஒரு கண். பழுப்பு நிறம். பக்கத்தில் கிழிந்த காது. அவசரமில்லாமல் பார்த்தது. அவளை. கட்டிலை. மறுபடி அவளை. அவள் தினமும் பார்க்கிற மாதிரியே.

தகடு மூடியது. கல் உரசியது. ஒரு கோடு.

"தெற! ஊசி போடணும்! தெற!"

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். மலையில் அரோகரா எழுந்து அவள் குரலை மூடியது. மேசையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. பானுப்ரியா வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது மறுபடி வரும். கால் மணியில் வரும். பார்க்கும். வெளியிலிருந்து மட்டுமே நகரும் தகடு அப்போது திறக்கும், கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளை எட்டிவிடலாம்.

வெளியே கல் உரசியது.

தகடு திறக்கவில்லை.

மறுபடி உரசியது. மூன்று. நான்கு. நிறுத்தாமல், ஒரே மூச்சில். ஐந்து. ஆறு. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு எண்ணினாள். ஏழு.

எட்டு.

கல்லைக் கீழே வைக்கும் சத்தம். மெத்தென்ற காலடிகள் மேசைப் பக்கமாகப் போயின. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அங்கே சத்தமே இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் கட்டில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.