ரோசாவுக்கு மட்டும் பச்சைப்புல்

மாதா கோயில் மணி அடிப்பதற்கு முன்னாலேயே ரோசா செத்துக் கிடந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் மூன்று பசுக்கள். இரண்டு நின்றுகொண்டிருந்தன. நடுவில் இருந்த செவலை மட்டும் கழுத்தை நீட்டி, முன்கால்களை மடித்து, தூங்குவதுபோல் கிடந்தது. அதன் கன்று மடியை முட்டிக்கொண்டே இருந்தது. பால் வரவில்லை என்று அதற்குத் தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

சாந்தமேரி கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து பசுவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கணவன் ரயில் பட்டறையில் அடிபட்டுப் போனபின், பால் ஊற்றியே மகள் கேத்தரினை வளர்த்தவள் அவள். அந்த மகளும் போன வருஷம் மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். ரோசா, கேத்தரின் விரலைச் சப்பி வளர்ந்த கன்று. மகள் விட்டுப்போனவற்றில் மூச்சுள்ளது அது ஒன்றுதான்.

இப்போது அதுவும் இல்லை.

காலை ஏழு மணிக்கு அவள் போலீஸ் ஸ்டேஷனில் நின்றாள்.

"கன்னையா. ரயில் லைன்ல வேல செய்யிறவன். அவன்தான் என் மாட்டுக்கு வெஷம் வெச்சான். வெள்ளன எந்திரிச்சு, வேலி சந்துல கைய விட்டு என்னமோ ஊட்டிட்டுப் போவான். நானே பார்த்தேன்."

எட்டு மணிக்குள் கன்னையா லாக்கப்பில் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்தார். கேள்வி கேட்கும்போது குரலை உயர்த்த மாட்டார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருப்பார். ஆட்கள் பயந்தது அந்தச் சும்மாவுக்குத்தான்.

கான்ஸ்டபிள் பாலன் ஒரு காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே வெள்ளைத் தூள்.

"இவன் சட்டைப் பையில இருந்துச்சுங்கய்யா. தண்டவாளத்துல புல்லு கருகறதுக்கு மருந்து அடிக்கிறாங்கள்ல, பாஷாணம் கலந்தது, அந்த டின்னத் தூக்கிட்டுப் போறது இவன்தான். கேஸ் முடிஞ்சுதுலா. நாளைக்குக் கோர்ட்டு. ஜெயிலு. அப்புறம் கப்பலேத்தி ஊருக்கு."

கன்னையா தலை நிமிரவில்லை.

"மாட்டுக்கு என்ன குடுத்தாய்?" என்றார் வீரசிங்கம்.

"உப்பு."

"இதுவா?"

அவன் எட்டி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். பாலன் பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் விழுங்கிவிட்டான்.

"கட உப்புங்கய்யா. வேற ஒண்ணுமில்ல."

"உப்புக் குடுக்க ஏன் களவாப் போனாய்?"

"அந்தம்மா என்னைய வாசல்ல நிக்க விடாது."

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"கேத்தரினக் கட்டிக்கிறேன்னு கேட்டேன். வேதத்துல சேராதவனுக்குப் பொண்ணு இல்லேன்னிருச்சு. சேர்றேன்னேன். அப்பயும் மாட்டேன்னுருச்சு. அதுக்குள்ள காய்ச்ச வந்துருச்சு." அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆஸ்பத்திரி சன்னல்கிட்ட போய் நின்னேன். சத்தமாப் பேச முடியல அவளுக்கு. ரோசாவுக்கு உப்பு குடுக்க மறந்துறாதேன்னா. அதான் கடைசி."

பாலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். உடனே போலீஸ்காரன் ஆனான். "வெஷத்த எங்கயாச்சும் வீசிட்டு உப்ப மட்டும் பையில வெச்சிருக்கலாமேங்கய்யா?"

"இருக்கலாம்," என்று எழுந்தார் வீரசிங்கம்.

பத்து மணி. மழை பெய்து பல வாரமாகியிருந்தது. வழியில் பாடாங் திடல் முழுவதும் புல் காய்ந்து, துடைப்பக்குச்சி போலக் கிடந்தது.

கொட்டகையில் அவர் முதலில் பார்த்தது செத்த மாட்டை அல்ல, தீனித் தொட்டிகளை. ஓரத்து இரண்டிலும் காய்ந்த பழுப்புப் புல். நடுத்தொட்டியில் மிச்சம் கிடந்தது பச்சைப்புல், நீளமாக, கொழுகொழுவென்று. அதன் அடியில் விரலை விட்டுத் துழாவினார். மிளகளவில் நாலைந்து நத்தைக் கூடுகள் கையோடு வந்தன. தூணில் மாட்டியிருந்த கூடையின் அடிப்பாகம் ஈரமாக இருந்தது. கன்று எட்டி எட்டி அதிலிருந்து ஒவ்வொரு புல்லாக இழுத்துத் தின்றது.

பிறகுதான் ரோசாவிடம் குனிந்தார். தாடைக்குக் கீழே பை கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரு வீக்கம். கண் இமையைப் புரட்டினார். உள்ளே ரத்தமே இல்லாமல் வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருந்தது.

"இந்த வீக்கம் எப்ப இருந்து?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் வந்துச்சு. தொண்டக் கட்டுன்னு மஞ்ச அரைச்சுப் போட்டேன்."

"பால்?"

"அப்பவே கொறஞ்சிருச்சு."

"புல் எங்க வெட்டுறீங்க?"

"பாடாங்குல."

"மூண்டு மாட்டுக்கும்?"

சாந்தமேரி ரோசாவின் முகத்தைப் பார்த்தாள். "ஆமா."

அவள் அன்று சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"அம்மா, வயிற்றை அறுத்துப் பார்த்தால்..."

"அறுக்க விடமாட்டேன்! எம் மக கைபட்ட ஒடம்பு அது. என்னைய அறுத்துட்டு அத அறுங்க."

வீரசிங்கம் வற்புறுத்தவில்லை. மூன்று மாட்டுச் சாணத்தையும் தனித்தனி வாழையிலையில் கட்டச் சொன்னார்.

"போலீஸ் வேலன்னுதான் எங்க ஆத்தாகிட்ட சொன்னேன்," என்று முணுமுணுத்தபடி பாலன் குனிந்தான். "சாணி அள்ளுறதுன்னு சொல்லல."

நடுப்பகலில் மாட்டு டாக்டர் கனகசபை தம் பூதக்கண்ணாடிக் குழலிலிருந்து கண்ணை எடுத்தார். அவரும் யாழ்ப்பாணத்தார், இன்ஸ்பெக்டரின் பழைய சிநேகிதர்.

"ஓம், வீரசிங்கம், நீர் நினைச்சது சரி. நடு மாட்டின்ர சாணத்தில முழுக்க ஈரல் புழுவின்ர முட்டை. மற்ற ரெண்டும் சுத்தம். பாஷாணம் திண்ட மாடு அண்டைக்கே செத்துப்போம். மாசக்கணக்கில தாடை வீங்கி, ரத்தம் வத்திச் சாகாது."

"அப்ப பெடியனை விடலாம்."

"பெடியனை விடும். கண்டுக்குட்டி?" என்றார் கனகசபை. "அதுவும் அந்தப் பச்சைப்புல்லைக் கடிக்குது எண்டீர். புல் வாற இடத்தை மறிக்காட்டி, அடுத்த பிரேதம் அதுதான்."

மாலை. சாந்தமேரி கூடையோடு புறப்பட்டாள். பாடாங் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஆற்றோரப் பள்ளத்தில் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். சற்றுத் தள்ளி வீரசிங்கம் நடந்தார்.

தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு மரச்சிலுவை. அதை ஒட்டி ஒரு வாய்க்கால். செங்கல் வண்டி மாடுகள் இறங்கித் தண்ணீர் குடித்து, சாணம் போட்டுப் போகும் இடம். ஊரெல்லாம் காய்ந்தும் அந்தக் கரையில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. சாந்தமேரி முழந்தாளிட்டுச் செபம் சொன்னாள். பிறகு அரிவாளை எடுத்து, கல்லறை மேட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும், ஒரு பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல் அந்தப் புல்லை அறுத்தாள்.

அவள் போனதும் வீரசிங்கம் கரையில் குனிந்தார். ஒவ்வொரு புல்லின் அடியிலும் நத்தை. தொப்பியைக் கழற்றி அந்தச் சிலுவைக்கு முன்னால் சற்று நின்றார். அவளை அங்கேயே நிறுத்திச் சொல்லியிருக்கலாம். முதலில் கன்னையாவை அழைத்துவர ஸ்டேஷனுக்கு நடந்தார்.

விளக்கேற்றும் நேரம். கொட்டகையில் கன்று கூடையை நோக்கிக் கழுத்தை நீட்டியது. வீரசிங்கம் கூடைக்கும் கன்றுக்கும் நடுவில் கையை வைத்தார். அவருக்குப் பின்னால் பாலன். பக்கத்தில் கைவிலங்கில்லாமல் கன்னையா.

"இவன ஏன் அவுத்து விட்டீங்க?" என்றாள் சாந்தமேரி.

"இவன் குடுத்தது உப்பு, உங்கட மகள் கடைசியாக் குடுக்கச் சொன்னது. ரோசாவைச் சாகடிச்சது நத்தை."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"வண்டி மாட்டின்ர ஈரலில இலை மாதிரி ஒரு புழு, அம்மா. அதின்ர முட்டை சாணத்தோட வாய்க்காலில விழும். பொரிச்ச குஞ்சு போய் நத்தைக்குள்ள புகுந்து பெருகும். வெளியில வந்து தண்ணியோரப் புல்லில ஒட்டிக்கொண்டு கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புல்லைத் திண்ட மாட்டின்ர ஈரலை அரிச்சுப் போடும். மற்ற ரெண்டு மாட்டுக்கும் ஒண்டுமில்லை. அதுகள் பாடாங் புல் திண்டதுகள்." குரல் இன்னும் தாழ்ந்தது. "பாலனும் நானும் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தம். தொட்டியைத்தான் பார்த்திருக்கோணும். இந்த வறட்சியில ஒரு மாட்டுக்கு மட்டும் பச்சைப்புல். கெடுக்க வாறவன் அப்படித் தேடிக் கொண்டுவந்து போடமாட்டான்."

கன்று கத்தியது.

"கல்லறைத் திருநாளுக்குப் போனேன்," என்றாள் சாந்தமேரி. "அவ மேல மொளச்ச புல்லு. அவ குடுத்துவிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் ரோசாவுக்கு மட்டும். சொன்னா சனங்க பைத்தியம்பாங்க." அவள் அரிவாளைக் கீழே போட்டாள். "அப்ப நாந்தானே ஊட்டிக் கொன்னுருக்கேன்."

"நத்தை, அம்மா," என்றார் வீரசிங்கம்.

"நத்தையா வந்து ஊட்டுச்சு?"

வீரசிங்கம் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

கன்னையா முன்னால் வந்தான். கூடையைத் தூக்கிக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்து, தீ வைத்தான். ஈரப்புல் எரிய மறுத்துப் புகைந்தது. திரும்பி வந்தவன் வழக்கம்போல் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"ஏன்ப்பா அங்க நிக்கிறே?" என்றாள் சாந்தமேரி. புகையில் அவள் கண் சிவந்திருந்தது. "உப்பு மிச்சம் இருக்கா?"

பாலன் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். கேஸ் சாமான். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"எவ்வளவு குடுக்கச் சொன்னா எம் மக?"

"ஒரு சிட்டிக போதும்னா, அம்மா."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். கன்னையா உள்ளே வந்து ஒரு சிட்டிகை வைத்தான். கன்று மோந்து பார்த்தது, நக்கியது, மறுபடி நக்கியது. உப்பு தீர்ந்து நெடுநேரம் ஆனபிறகும் சாந்தமேரி கையை எடுக்கவில்லை.