கரி வண்டி

இஞ்சின் நின்றுவிட்டது. ஆனாலும் வண்டியின் பின்பக்கம் எங்கோ மெல்லிய சீறல் ஒன்று நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ பல்லை இறுகக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல.

கொட்டகைச் சுவரோடு ஒட்டி நின்ற சபியா புருஷனைப் பார்த்தாள். பீர் முகமது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே தரையில் படுத்துவிட்டார். யுத்தம் வந்து பெட்ரோல் அற்றுப்போனதிலிருந்து அந்தப் பழைய மோட்டார் கரியில்தான் ஓடியது. பின்னால் பொருத்திய தகர உருளையில் அடுப்புக்கரியை எரித்தால், அந்த வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போகும். ஓட்டிய டிரைவர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பழுதெல்லாம் அவர் கைவேலைதான்.

பின் சீட்டில், கோஷாத் திரைக்குப் பின்னால், அவர்களுடைய ஒரே மகள் அமீருன்னிசா கிடந்தாள். விடியலிலிருந்து இடுப்பு வலி. "பிள்ளை குறுக்க கெடக்கு. ஜட்காவுல குலுக்கிக்கிட்டுப் போனா ரெண்டு உசிரும் தாங்காது. மோட்டார்ல கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு, மருத்துவச்சி ராமக்காள் பெரியாஸ்பத்திரிக்கு முன்னால் நடந்து போயிருந்தாள்.

"இந்தா, இங்கதான் காத்த இழுக்குது" என்றார் பீர் முகமது. குழாய் இணைப்பில் விரிசல். சாக்குத் துணியை ஈரக் களிமண்ணில் புரட்டி அதன்மேல் சுற்றினார். "வண்டிக்கும் பிடிவாதம், ஒன் மகளுக்கும் பிடிவாதம்."

"நான் வேணா எறங்கித் தள்ளவா அத்தா?" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல். அடுத்த கணமே அது அலறலாகிவிட்டது.

சந்தில் செருப்புச் சத்தம். அந்தி நேர மஃரிபு தொழுகைக்குப் போகிறவர்கள். ஒரு ஜோடிச் செருப்பு கொட்டகை வாசலில் தயங்கி நின்றது சபியாவுக்குக் கேட்டது.

"கதவச் சாத்துங்க."

"கரிவாயு வெஷம் புள்ள. கதவச் சாத்திட்டு இத எவனும் ஊத மாட்டான்."

"ஆம்பளைங்க போறாங்க. நம்ம புள்ள கத்துறத தெருவே நின்னு கேக்கணுமா?"

அவர் கையிலிருந்த களிமண்ணைக் கைலியில் துடைத்தார். "கொஞ்ச நேரந்தானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்க்கட்டையைப் போட்டார். "கரி ஈரம். நீ உருளையில இருக்குற ஊது விசிறியச் சுத்து. குழாய் வாயில தீக்குச்சியக் காட்டினா நீலமா நின்னு எரியணும். அதுவரைக்கும் கைய விடாத."

அவள் சுற்றினாள். உருளைக்குள் நெருப்பு முனகியது. ஈரக் கரியும் களிமண்ணும் சுட்ட தகரமும் மகளின் தலையிலிருந்த தேங்காயெண்ணெயும் ஒன்றாகக் கலந்த நெடி, லாந்தர் வெளிச்சத்தோடு சேர்ந்து கூரையடியில் தேங்கியது. அவளுடைய ஒரு காது மகளிடம் இருந்தது. மற்றொன்று சந்தில். நாள் முழுக்க அப்படித்தான். ஒவ்வொரு அலறலுக்கும் அவள் முதலில் திரும்பிப் பார்த்தது வாசலைத்தான்.

அவர் காட்டிய தீக்குச்சியில் வாயு மஞ்சளாகப் பற்றி அணைந்தது. அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள். நெற்றியைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் வலி. காதுக்குள் ஒரு ரீங்காரம்.

அலறல் முனகலாயிற்று. முனகல் தேய்ந்தது.

"அம்மா... தூக்கம் வருது."

"தூங்கு கண்ணு. வலி அடங்குது."

சந்தில் செருப்புகள் நிற்காமல் கடந்து போயின. சபியாவின் நெஞ்சுப் பாரம் இறங்கியது. அந்த ஆறுதலில் பாதிக்கு மேல் மகளுக்கானது அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை சுற்றிக்கொண்டே இருந்தது.

"நீலமா நின்னுருச்சு" என்றார் அவர். நாக்குக் குழறியது. குழாய் வாயில் நீலச் சுடர், ஆடாமல். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் நடந்தார்.

அவளுக்குக் குமட்டியது. கொட்டகையிலிருந்து முற்றத்துக்குப் போகும் சின்னக் கதவால் வெளியேறி, பழக்கத்தில் அதை இழுத்துச் சாத்தி, கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். காற்று பட்டதும் தலை கொஞ்சம் தெளிந்தது. அப்போது கேட்டது. இஞ்சின். ஒரு தட்டுதல், ஒரு இருமல், பிறகு சீராக ஓடும் சத்தம். அல்ஹம்துலில்லாஹ். மகளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு போனாள்.

கதவைத் திறந்தாள். சூடு முகத்தில் மோதியது.

பீர் முகமது ஓட்டும் இடத்தில் இருந்தார். தலை கவிழ்ந்திருந்தது.

"என்னங்க."

வண்டியின் அதிர்வில் அந்தத் தலை ஆமாம், ஆமாம் என்று ஆடியது.

திரையை விலக்கினாள். அமீருன்னிசாவின் தலையும் ஆடியது. கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிவந்ததில்லை. கண் பாதி திறந்திருந்தது. மூக்கருகே உள்ளங்கையை வைத்தாள். சூடு இருந்தது. மூச்சு இல்லை.

சந்துக் கதவின் தாழ்க்கட்டை. விரல்கள் பிடிக்கவில்லை. முழங்கால் மடங்கியது. கூப்பிட்டாள். சந்துக்குக் கேட்கும்படி ஒருநாளும் உயர்த்தியிராத குரல். இப்போதும் உயரவில்லை.

இஞ்சின் இருமியது. நின்றது.

இரண்டு தலைகளும் அடங்கின. எதுவும் அசையவில்லை.

பிறகு, சேலைக்கு அடியில், மகளின் வயிறு ஒரு பக்கம் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபக்கம் எழும்பியது.