மத்தியானத்தில் பேசியவன்

வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, விரல் இடுக்குகளில் அப்பியிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டு நின்றபோது, வீட்டுக் கதவு உள்ளிருந்து திறந்தது. அப்படித் திறக்கும் வழக்கமே இல்லை. வேலை முடிந்து வரும் மெக்கானிக் தன் சாவியைப் போட்டுத் தானே திறந்துகொண்டு போவான். மனைவி டிவி முன்னாலிருந்து தலையைக்கூடத் திருப்பமாட்டாள். அன்றைக்குத் திறந்துவிட்டு, தலை வாரி, வெளியே போகும்போது மட்டும் எடுக்கும் வெளிர்நீலப் புடவையில் நின்றாள்.

"சொன்ன மாதிரியே சீக்கிரம் வந்துட்டீங்களே," என்று சிரித்தாள்.

அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஆனாலும் தலையாட்டினான். காது மந்தமானதிலிருந்து பழகிப்போன தலையாட்டல் அது. பாதி பேச்சு விழாது, விழுந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டும். இப்போது காதில் கருவி இருந்தது, அவள் சொன்னது துல்லியமாக விழுந்தது, ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

அந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. கதைக்குப் பின்னால் மேனேஜர் இருந்தான்.

மேனேஜர் என்பது மனைவியின் தங்கை புருஷன், ஒரு வங்கிக் கிளையில் மேனேஜர். சகலை முறை. இருவருக்கும் காது மந்தம், இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரிக் கருவியை வாங்கியவர்கள். அவன் வாழ்க்கையில் மேனேஜரோடு சரிசமமாக இருந்த ஒரே விஷயம் அதுதான். போன மாதம் மேனேஜர் மகளின் பிறந்தநாளில் அதுவும் போயிற்று. ஒரு கூடம் நிறைய ஆட்கள், பலூன் வெடிக்கிற சத்தம், பாட்டு. இவன் ஒரு மூலையில் நின்று மனைவியின் காதோரம், "கேக்கைவிட உன் தங்கச்சி புருஷன் பேச்சுதான் பெருசா இருக்கு," என்று முணுமுணுத்தான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மேனேஜர் திரும்பி, "சகலை, கேக்கும் பெருசுதான், சாப்பிட்டுப் பாருங்க," என்று சிரித்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள்.

கருவியை நடத்துகிற ஆப்பின் புதிய பதிப்பு, இன்னும் வெளியே வராதது, சோதனை செய்து பார்ப்பதற்காகச் சிலருக்கு மட்டும் கம்பெனி கொடுத்திருந்தது. மேனேஜருக்குக் கிடைத்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி அதையே பேசினாள்: அவருக்கு எவ்வளவு தெளிவா கேக்குது, அவர் எவ்வளவு பொறுமையா எல்லாருக்கும் பதில் சொல்றாரு, தங்கச்சி கொடுத்து வச்சவ. அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

மறுநாளே கம்பெனிக்கு விண்ணப்பித்தான். இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. வெட்கத்தை விட்டு மேனேஜரிடமே கேட்டான்.

"அது என் பேருக்குத்தான் வேலை செய்யும் சகலை. கொஞ்சம் காத்திருங்க, எல்லாருக்கும் வரும்," என்றான் மேனேஜர். "ஒண்ணே ஒண்ணு. வெளியில அதோட காப்பி சுத்துது. அதைத் தொட்டுடாதீங்க. யாரு போட்டது, உள்ள என்ன கலந்திருக்குன்னு கம்பெனிக்கே தெரியலையாம்."

எனக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று பயப்படுகிறான், என்று நினைத்தான் மெக்கானிக். அன்று சாயங்காலமே தேடிப் பிடித்து இறக்கினான். 'இந்த ஆப் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை' என்றது போன். தொடர் என்று அழுத்தினான். எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க அனுமதி கேட்டது. கொடுத்தான். போனில் இருந்த பெயர்களை, படங்களை, பழைய பேச்சுகளைப் பார்க்க அனுமதி கேட்டது. படித்துக்கூடப் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே போனான்.

அதற்கப்புறம் உலகம் திறந்துகொண்டது. ஒரு காலத்தில் இன்ஜின் மேல் திருப்புளியை ஊன்றி அதன் பிடியில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவன் அவன். காது போனபிறகு முதலாளி அவனை டயர் மாற்றத்தான் கூப்பிட்டார். இப்போது ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி திரும்பும்போதே, வாட்டர் பம்ப் பேரிங் மணல் அரைபடுகிற மாதிரி கரகரப்பது கேட்டது. மழைக்கு முந்தி தகரக் கூரை விரிந்து சுருங்குவது கேட்டது. முதலாளி தோளில் தட்டினார். அவன் மனசுக்குள் மேனேஜரைப் பார்த்துச் சிரித்தான்.

இன்ஜின்கள் எல்லாம் அணைந்திருக்கும் மத்தியான வேளையில் மட்டும் வேறொன்று கேட்டது. கம்ப்ரசரின் மூச்சு அடங்கி, ஆயில் வாடையும் சூடும் கனத்துக் கிடக்கும் அமைதியில், சுவருக்கு அப்பால் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல ஒரு முனகல். வார்த்தை பிடிபடாது. ஓர் ஆண். நடுநடுவே ஒரு பெண்ணின் சிரிப்பு. பக்கத்துக் கடையாக இருக்கும் என்று விட்டுவிட்டான். பக்கத்துக் கடை வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது.

வெளிர்நீலப் புடவை உடுத்திய அந்தச் சாயங்காலம், தட்டை வைத்துவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

"தினமும் மத்தியானம் நீங்க போன் பண்றது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா? நேர்ல மட்டும் ஏன் இப்படி ஊமையா இருக்கீங்க?"

அவன் கை தட்டிலேயே நின்றது.

"போன்ல... நான் என்ன சொன்னேன்?"

"போங்க," என்று வெட்கப்பட்டாள். "அதை நான் வேற திருப்பிச் சொல்லணுமாக்கும்."

கைகழுவப் போகிற சாக்கில் போனை எடுத்துப் பார்த்தான். மத்தியானத்தில் அவளைக் கூப்பிட்டதாக அதில் எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. எவனோ ஒருவன் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அவளிடம் பேசுகிறான். உடனே போய், அது நானில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். யாரோ வாங்கிக் கொடுத்ததைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அவள் பக்கத்தில் படுத்தபிறகு ஒவ்வொரு சிரிப்பாக நினைத்துப் பார்த்தான், ஒவ்வொன்றும் எரிந்தது. அது தனக்கானதில்லை. அவனுக்கானது. மத்தியானத்தில் பேசுகிறவனுக்கு.

மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், பழுதுக்கு வந்திருந்த ஒரு காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். ஆப்பில் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினான். சீட் உறையின் பிளாஸ்டிக் வாடை. நெற்றிப்பொட்டில் தன் ரத்தம் அடிக்கும் ஒலி. அதற்கும் அடியில், மெல்ல மெல்ல, அந்த முனகல் மேலே வந்தது.

அது அவனுடைய குரல்.

அவன் குரல்தான், ஆனால் அவன் ஒருநாளும் பேசியிராத விதத்தில். அவசரமில்லாமல். கனிவாக.

"உங்க அப்பா இறந்த அன்னைக்கு நான் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலைன்னு உனக்குக் கோபம்தானே? ஆஸ்பத்திரி வாசல்ல கார்ல உக்காந்திருந்தேன்ம்மா. இன்ஜினை ஓடவிட்டுட்டு அழுதேன். அழற சத்தம் யாருக்கும் கேட்டுடக் கூடாதுன்னு."

மறுமுனையில் அவன் மனைவி விசும்பினாள். "இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

அது நிஜம். அவன் அழுதது நிஜம். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. போனிடமும் இல்லை. அப்போது இந்தப் போனே இல்லை.

பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று எழுந்தது. என்றைக்காவது அவளிடம் சொல்லலாம் என்று அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே சொத்து அது. அதை இவன் எடுத்துச் செலவு செய்துவிட்டான். அவள் அழுகையையும் வாங்கிக்கொண்டான்.

மனைவியைக் கூப்பிட்டான். லைன் பிஸியாகவே இருந்தது. மறுபடியும். மறுபடியும். கடைசியில் வேறு வழி தோன்றாமல் மேனேஜரைக் கூப்பிட்டான்.

"என்ன சகலை, மறுபடியுமா? காலைலதானே அவ்வளவு நேரம் பேசினீங்க."

"நான் எங்க பேசினேன்?"

"விளையாடாதீங்க. என் மேல பொறாமைன்னு உங்க வாயாலயே சொல்லி, மன்னிச்சிடுன்னு அழுதீங்களே. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு." பிறகு மேனேஜரின் குரல் மாறியது. "சகலை... அந்தக் காப்பியைப் போட்டுட்டீங்களா?"

"ஆமா," என்றான் மெக்கானிக்.

"அய்யோ. கழட்டுங்க. முதல்ல அதைக் கழட்டிப் போட்டுட்டுப் போனை அணைங்க. இல்ல, இருங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"ஒர்க்‌ஷாப்ல."

"அப்ப, வேலையை விட்டுட்டேன், சாயங்காலம் ஒரேயடியா வீட்டுக்கு வந்துடப் போறேன், இனிமே அவளைவிட்டு எங்கயும் போகமாட்டேன்னு காலைல என்கிட்ட சொன்னது யாரு?"

ஆப்பை அழித்தான். அழிந்தது என்று போன் சொன்னது. காதிலிருந்த கருவிகளைப் பிடுங்கி, கார்க் கதவைத் திறந்து வெளியே எறிந்தான். அவை சிமெண்டுத் தரையில் துள்ளியதைப் பார்த்தான், கேட்கவில்லை. உலகம் சட்டென்று பஞ்சுக்குள் போய்விட்டது. தன் வண்டியை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகும் சாலை முழுக்க வெள்ளம், நின்றுபோன வண்டிகள், திருப்பிவிடப்பட்ட தெருக்கள். சத்தமில்லாத மழை. சத்தமில்லாத வைப்பர்கள். ஒவ்வொரு சந்தாகச் சுற்றிச் சுற்றி வீட்டை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. மனைவி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். மையிட்டு, நகை போட்டு. அவனைக் கண்டதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

அவன் மூச்சிரைத்தபடி அவள் தோள்களைப் பிடித்தான். தன் குரல் தனக்கே கேட்காமல் பேசினான்.

"இங்க பாரு. போன்ல பேசினது நானில்லை. எவனோ. நானில்லை."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். கோபமில்லை. பரிதாபம்போல இருந்தது. அவள் உதடுகள் அசைந்தன. காது போன காலத்திலிருந்து உதட்டைப் படித்துப் பழகியவன் அவன். தப்பாகப் படிக்க வழியில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

அவன் கைகள் தாமாக விழுந்தன.

"எப்போ... எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்தே," என்றன அவள் உதடுகள். "நீங்கதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா நீங்க அப்படிப் பேசமாட்டீங்களே."

பிறகு அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் போனது. முகம் மலர்ந்தது. எதற்கோ காதுகொடுப்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். அவன் திரும்பினான். மூடிய கதவு. அடியில் இருந்த இடுக்கில் வாசல் விளக்கின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள். கால்கள்.

அவள் நடந்தாள். குறுக்கே போனான். காற்றை விலக்குவதுபோல அவனை விலக்கினாள். தாழ்ப்பாளைத் தொட்டாள்.

கதவு திறந்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நின்றிருந்தவன் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை. அவன் உயரம். அவன் தோள். முகம் தெரியவில்லை, விளக்கு பின்னால். வாய் மட்டும் தெரிந்தது. சற்றே திறந்த வாய். அசையவில்லை. காத்திருந்தது.

ஓட வேண்டும். கால் நகரவில்லை.

அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்தாள்.

அவன் உடம்பிலிருந்த மூச்சையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தான். தொண்டை புடைத்தது. போகாதே என்று கத்தினான்.

அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வாசலில் அந்த வாய் அசைந்தது. கருவியில்லாத, செத்துப்போன அவன் காதுகளில், மணி அடித்த மாதிரி, அவன் குரல் கேட்டது.

"வாம்மா."

மறுபடி கத்தினான். போகாதே. போகாதே.

"வா. வாம்மா."

அவன் கத்தக் கத்த, வாசலில் அது கொஞ்சியது. அவள் மழைக்குள் கையை நீட்டினாள்.