முன்சக்கரத்துச் செம்மண்

“அக்கா, நீங்கதான் காப்பாத்தணும்,” என்று அபிலாஷ் வந்து நின்றபோது முத்துநாயகம் பாதி இட்லியில் இருந்தார். பழுதான கார்களைக் கொண்டுபோகும் ரிக்கவரி வண்டியின் ஓட்டுநர் அபிலாஷ். முட்டத்து ஜெனினின் புதுக் காரைத் தரதரவென்று இழுத்துக் கியர்பாக்ஸை உடைத்துவிட்டான் என்று புகார். சாயங்காலத்துக்குள் தன் மேல் தப்பில்லை என்று காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

முத்துநாயகத்தின் மனைவி நேசம்மாள் பதறவில்லை. இன்சூரன்ஸுக்காக முப்பது வருஷம் அடிபட்ட வண்டிகளைப் பார்த்தவள். “எப்படிக் கொண்டுபோனே?” என்றாள்.

“ஆட்டோமேட்டிக் வண்டியாக்கும் அக்கா! முன்சக்கரம் உருண்டா கியர்பாக்ஸ் போயிரும். அதனால முன்பக்கத்தத் தூக்கிக் கட்டிதான் நேத்து திற்பரப்புல நின்னுபோன காரை முட்டத்துக்குக் கொண்டுபோனேன். சந்துக்குள்ள நம்ம வண்டி நுழையாது. தெருமுனையில இறக்கி, கியரை பார்க்கிங்ல போட்டு, சாவியை ஜெனினுக்க அப்பாகிட்டக் குடுத்தேன்.”

முத்துநாயகம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநர்களைத் தவிர உலகத்தில் எல்லோர் மேலும் அவருக்குச் சந்தேகம். “ஏட்டி, அந்த ஜெனினேதான் ஒடச்சிருப்பான்!” என்றார்.

“முதல்ல இட்லியைத் தின்னுங்க,” என்றாள் அவள். அவள் அதட்டினால் அவருக்கு ஏனோ சந்தோஷமாகத்தான் இருக்கும்.

முட்டத்தில், ஜெனின் வீட்டு வலைக்கொட்டகைக்குள் கார் நின்றது. “நான் பஸ்ஸுல வந்து சேந்தப்பமே இங்கதான் நின்னுது. இவன்தான் ஒடச்சான்!” என்று குதித்தான் ஜெனின்.

முத்துநாயகம் எஞ்சினுக்குள் தலையை விட்டார். நேசம்மாளோ ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி டயர்களை மட்டும் பார்த்தாள். பின் டயர்கள் சுத்தம். முன் டயர்களில் திற்பரப்புச் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. தரையில் பட்ட இடத்தில் மட்டும் ஒரு கையகலம் தேய்ந்து கறுத்திருந்தது.

“அவ்வளவு தூரம் உருண்டிருந்தா இந்த மண்ணு நிக்குமா? அபிலாஷ் ஒழுங்காத்தான் கொண்டுவந்தான்,” என்றாள். “ஆனா ஒரே இடம் தேஞ்சிருக்கு. அப்போ சக்கரம் உருளாம இழுபட்டிருக்கு. பார்க்கிங்ல பூட்டிக் கிடந்த வண்டியை யாரோ பலமா இழுத்திருக்காங்க. உள்ள பூட்டுற பல்லு ஒடஞ்சுபோச்சு. சரி, தெருமுனையில இறக்கின கார் கொட்டகைக்கு எப்படி வந்துது?”

“நாங்கதான் இழுத்தோம்,” என்றார் ஜெனினின் அப்பா யூஜின், வெகு சாதாரணமாக. “மோனுக்க புதுவண்டி வெயில்ல கிடக்குதேன்னு மனசு கேக்கல. கடற்கரையிலேருந்து எட்டு பேரக் கூட்டிட்டு வந்தேன். முதல்ல அசையல. பொறவு வள்ளத்த இழுக்கது மாதிரி கயித்தக் கட்டி ஒரே இழுப்பு!”

“சாவி உங்க கையிலதானப்பா இருந்துது? பார்க்கிங்லேருந்து எடுத்துட்டு இழுத்திருக்கலாமே!” என்றான் ஜெனின்.

“வள்ளத்துக்கு ஏது மக்கா சாவி?”

ஜெனினுக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. அப்பாவின் உள்ளங்கைகள் கயிறு உரசிச் சிவந்திருந்ததைக் கண்டதும் சிரித்துவிட்டான். பாவம், அவ்வளவு பிரியத்தோடு உடைத்திருக்கிறார்! அபிலாஷின் கையைப் பிடித்து, “மன்னிச்சிருடே,” என்றான்.

விஷயம் புரிந்ததும் யூஜின் பதறிப்போய் அபிலாஷின் முதலாளிக்குப் போன் போட்டார். “முட்டத்து யூஜின் பேசுறேன். காரை ஒடச்சது நான். இந்தப் பையன வேலைய விட்டு அனுப்பினீரோ, அதே எட்டு பேரோட வந்து உம்ம வண்டியையும் இழுப்பேன், கேட்டீரா!”

“ஐயோ, வேண்டாம்வே!” என்று அலறியது போன். “அவன சீக்கிரம் வரச் சொல்லும். தக்கலையில ஒரு கார் நிக்குது.”

அபிலாஷ் நேசம்மாளைப் பார்த்துக் கும்பிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் வண்டிக்கு ஓடினான்.