ஒரு மயிரிழை பின்னால்

ஆறு மாதம் பெட்டிக்குள் கிடந்த பேஸ் கிட்டாரின் சுருதி கலையவே இல்லை. அவன் அதை மடியில் வைத்து நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டினான். சுருதி பார்க்கும் கருவியின் முள் நான்கு முறையும் நட்டநடுவில் வந்து நின்றது. மரம் என்றால் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும்; இத்தனை பழைய கிட்டார் ஒரு வாரம் சும்மா கிடந்தாலே தந்தி தளர்ந்துவிடும். இதுவோ யாரோ காலையில்தான் முறுக்கி வைத்ததுபோல் இருந்தது. அண்ணி செய்திருப்பாள் என்று நினைக்கவும் வழியில்லை. அவளுக்கு எந்தப் பக்கம் திருகுவது என்றுகூடத் தெரியாது.

அண்ணனின் கிட்டார் அது. அண்ணன் செத்துப்போனபிறகு அண்ணி பெட்டியோடு கொடுத்தனுப்பிவிட்டு, போனில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "அவர் வாசிச்சதுக்கெல்லாம் உங்க பேரைத்தானே போட்டுக்கிட்டீங்க. இதையும் நீங்களே வெச்சுக்கோங்க." சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த இசைத்தட்டில் வாசித்தது அண்ணன். அட்டையில் வந்தது தம்பியான இவன் பெயர். அச்சுப் பிழைதான். ஆனால் பாராட்டு வரத் தொடங்கியபோது அவன் திருத்தவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையே இத்தனை வருஷமும் தின்றான். அண்ணன் சண்டைகூடப் போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

இப்போது, அந்த இசைத்தட்டில் கேட்பது இவன் கையே இல்லை என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. அந்த வாய்களை அடைக்கத்தான் இந்த ஒலிப்பதிவு. அதே பாட்டை முதலில் புதுக் கிட்டாரிலும் பிறகு பழையதிலும் வாசிப்பான், கேட்கிறவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். வெளியே நடுப்பகல். ஜன்னல் இல்லாத அந்த ஒலிப்பதிவு அறைக்கு அது தெரியாது.

புதியது கைக்கு இறகு. இஸ்திரி போட்ட சட்டைபோல மடிப்பில்லாத சத்தம். எங்கே தொட்டாலும் ஒரே அளவு, ஒரே துல்லியம். குறை சொல்ல ஒன்றுமில்லை, மனதில் நிற்கவும் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

பழையதை மாட்டியதும் தோள் எலும்பு அழுந்தியது. பிடியின் மரம் தடித்து, அண்ணனின் கைபட்ட இடங்களில் மட்டும் தேய்ந்து வழவழத்தது. வருஷக்கணக்காக மாற்றாத தந்திகளிலிருந்து துருவும் வியர்வையும் சிகரெட்டும் கலந்த வாடை எழுந்தது. அதிர்வு நீளாமல் இருக்கத் தந்திகளுக்கு அடியில் அண்ணன் செருகிவைத்த ஸ்பாஞ்சுத் துண்டு அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது.

முதல் சுரம் நேரே வயிற்றில் வந்து உட்கார்ந்தது. கனத்து, கொஞ்சம் மூச்சுவாங்கி, சட்டென்று அடங்கியது. உலகம் கேட்ட அதே சத்தம். ஆனால் விரல் பட்டுக் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைத்தான். இந்தத் தொழிலில் எவனும் அதைத்தான் நினைப்பான். சத்தம் அதற்குள் சுற்றிவிட்டுத் தாமதமாகக் காதுக்கு வந்து சேருகிறது என்று சொல்லி, சரிசெய்யச் சொன்னான். புதுக் கிட்டாருக்கும் இதே ஒயர், இதே வழிதான் என்றார் ஒலிப்பதிவாளர். "திரையில சரியாத்தான் இருக்கு சார். சொல்லப்போனா நீங்கதான் முந்துறீங்க."

அண்ணன் வாயில் ஆயிரம் முறை கேட்ட வார்த்தை. அண்ணன் எப்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் வாசிப்பான். இவன் எவ்வளவு முயன்றும் வராதது அது ஒன்றுதான். இப்போது ஹெட்போனில் கேட்டது அந்த மயிரிழை.

எழுந்து போயிருக்கலாம். போனால் முணுமுணுப்பு நிஜமாகிவிடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. வாசித்தான். இடைவெளி விரிந்தது. அரைத் தாளம். ஒரு தாளம். இவன் கடந்துபோன இடங்களுக்கெல்லாம் சத்தம் அவசரமில்லாமல் பின்னால் வந்தது.

வலது கையை எடுத்தான். வாசிப்பு நிற்கவில்லை.

இடது கையை உருவப் பார்த்தான். வரவில்லை. விரல்களின் மேல் கனம். இன்னொரு கையின் கனம். சூடு.

"நான் வாசிக்கலப்பா," என்றான் மைக்கில். "அண்ணன் வாசிக்கிறான். அப்பவும் அவன்தான் வாசிச்சான்."

முப்பது வருஷத்தில் அவன் சொன்ன முதல் உண்மை. கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் சிரித்தார்.

"இவ்வளவு அடக்கம் ஆகாது சார். அதே கை. இனிமே ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டான். இன்னொரு தடவை போலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. தந்திகள் சதைக்குள் இறங்கின. விரல்களுக்கு மேலே யாரும் இல்லை. அவனுடைய நகங்கள் மட்டும், அழுத்தத்தில், ஒவ்வொன்றாக வெளுத்தன. பாட்டின் சுர வரிசையில்.