சில்வண்டின் ரம்பம்

"எரிக்கப் போறாங்க சார்! சாயங்காலத்துக்குள்ள என் கன்னு மொத்தத்தையும் எரிக்கப் போறாங்க. எல்லாம் என் கொழுந்தன் வேலை!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கத்தியவள் ஒரு நர்சரிக்காரி. கணவன் இறந்த பிறகு பழமரக் கன்றுகளை விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது. துப்பறிகிறவர் பதறவில்லை. அதனால்தான் ஊரே அவரை நிதானம் என்று கூப்பிட்டது. பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் தம்பிக்கு அவசரம் என்று பெயர் வைத்ததும் அதே ஊர்தான்.

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்தில் புதுவகைச் சில்வண்டு ஒன்று பரவிக்கொண்டிருந்தது. எந்தப் பண்ணையில் அதன் முட்டை கிடைத்தாலும் கன்றுகளை எரித்துவிடுவார்கள். யாரோ போனில் துப்புக் கொடுக்க, வேளாண் அதிகாரி வந்து பார்த்தார். முன்வரிசைக் கன்றுகளில் கீறல்கள், கீறலுக்குள் முட்டைகள்.

"கொழுந்தன்தான் அத்தான். சந்தேகமே வேண்டாம்," என்றான் அவசரம்.

"வாயை மூடிட்டு வண்டியை எடு மச்சான்," என்றார் நிதானம்.

நர்சரி வாசலிலேயே சண்டை வரவேற்றது. "ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா அண்ணி? இடத்தை வித்துட்டு நிம்மதியா இருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" என்று கொழுந்தன் எகிறினான். நர்சரியின் கடையைப் பார்த்துக்கொள்பவன் அவன். கன்றுக் கட்டின் கயிறு அவிழாமல் போக, பல்லால் கடித்து இழுத்தான்.

"எங்க அக்காவை ஒரு வார்த்தை பேசினே, நடக்கிறதே வேற!" என்று பாய்ந்தான் அவளுடைய தம்பி. பண்ணையில் ஒட்டுக் கட்டுவது முழுக்க அவன்தான். பெட்ரோல் டின்னோடு நின்ற அதிகாரி இருவரையும் முறைத்தார். "உங்க குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. எனக்கு வேலை இருக்கு."

நிதானம் முன்வரிசைக் கன்றில் ஒரு கிளையை ஒடித்து, லென்சு வைத்துப் பார்த்தார். நேரான, சுத்தமான கீறல். பட்டை உதடுபோல் பிரிந்திருந்தது. அடியில் வெள்ளை மரம் வழவழப்பாக இருக்க, அதன்மேல் முட்டைகள் சுருங்கிப் படுத்திருந்தன. பிறகு சாலையோர மரத்தில் சில்வண்டு கீறிய குச்சி ஒன்றையும் ஒடித்து வந்தார்.

"ஆளுக்கு ஒரு குச்சி. ஒட்டுக் கட்டுற கத்தியால ஒரு அரிசி உள்ளே போற மாதிரி கீறல் போடுங்க."

"எங்களை என்ன கோமாளின்னு நினைச்சீங்களா?" என்று கொழுந்தன் சீறினான். ஆனாலும் போட்டான். குச்சி இரண்டு துண்டானது, விரலிலும் ரத்தம் வந்தது. நர்சரிக்காரி அழுத்தியதில் கத்தி பாதிக் குச்சிவரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. தம்பி ஏளனமாகச் சிரித்துவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் போட்டு நீட்டினான்.

நிதானம் அதை வாங்கி லென்சில் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அதிகாரி சார், பெண் சில்வண்டோட வயித்தடியில இருக்கிறது வெறும் ஊசி இல்ல. நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் பல்லு வச்ச ரம்பம். ஒண்ணு முன்னே போக, ஒண்ணு பின்னே வர, மாத்தி மாத்தி அறுத்து மரத்துக்குள்ளயே இறங்கும். முட்டை அந்தக் குழல் வழியா மரத்துக்குள்ள சாய்வா போய் உக்காரும்."

சாலையோரக் குச்சியைப் பிளந்து காட்டினார். நார் நாராகக் கிழிந்த மரத்துக்குள் முட்டைகள் கொழுகொழுவென்று இருந்தன.

"கன்னுல இருக்கிற கீறல் பட்டையோட நிக்குது. மரத்துல ஒரு கோடுகூட இல்ல. பட்டையைத் திறக்கணும், மரத்தைத் தொடக்கூடாது. இது பூச்சியோட பழக்கம் இல்ல, ஒட்டுக் கட்டுறவன் கையோட பழக்கம். இப்போ தம்பி போட்ட குச்சியிலயும் அதே கீறல்தான்."

"அத்தான்! அப்போ..." அவசரம் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"என் மேல பழி போடத்தான் வந்தியா நீ?" என்று தம்பி நிதானத்தின் மேல் பாய்ந்தான். கொழுந்தன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். தம்பி திமிறிக்கொண்டே அக்காவைப் பார்த்துக் கத்தினான். "ஆமா, முட்டையை நான்தான் கொண்டுவந்து வச்சேன்! போன் பண்ணினதும் நான்தான்! ஒவ்வொரு ஒட்டும் என் கை. பலகையில உன் பேரு! இது அழிஞ்சிருந்தா, நான் பக்கத்துல தனியா நர்சரி போட்டிருப்பேன். எல்லாரும் என்கிட்ட வந்திருப்பாங்க!"

நர்சரிக்காரி வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேனீயோட கொடுக்கும் ஒரு காலத்துல முட்டை போடுற உறுப்புதாம்மா," என்றார் நிதானம் மெதுவாக. "காலப்போக்குல முட்டையை விட்டுட்டு விஷத்தைப் பிடிச்சுக்கிச்சு."

அதிகாரி பெட்ரோல் டின்னை இறக்கினார். "முட்டை இருக்கிற முன்வரிசையை மட்டும் எரிக்கிறேன். மத்தது இருக்கட்டும்."

"அந்தக் கத்தியை வை," என்றாள் அவள் தம்பியிடம். "நான் வாங்கிக் கொடுத்தது. வச்சுட்டுப் போ. இனி இந்த வாசல்ல கால் வைக்காதே."

அவன் கத்தியை மண்ணில் வீசினான். "நாளைக்கு யாரு உனக்கு ஒட்டுக் கட்டுவா? பார்க்கிறேன்!"

"என்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கலாம் அண்ணி," என்றான் கொழுந்தன், விரலைச் சப்பிக்கொண்டே.

"இடத்தை விக்கச் சொன்னதுக்கு நீ முதல்ல கேளு."

முன்வரிசை எரியத் தொடங்கியது. புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கத்தியைப் பொறுக்கினாள். ஒரு குச்சியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டையில் கீறினாள். கத்தி மரம்வரை இறங்கிவிட்டது.

"சனியன்," என்று திட்டிவிட்டு, அடுத்த குச்சியை எடுத்தாள்.