வேட்டியின் மறுமுனை

இடுப்பில் கட்டியிருந்த வேட்டி நனைந்திருந்தது.

வியர்வை என்றுதான் தங்கலட்சுமி முதலில் நினைத்தாள். உச்சிவெயிலில் கரட்டுப்பாறை அடுப்புக்கல்லாய்க் கொதித்தது, வெறுங்கால் எரிந்தது, சுட்ட கல்லின் வாசம் மூக்கில் ஏறியது. தலையிலிருந்த குடத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஈரம் பின்னாலிருந்து, வேட்டியின் முறுக்கு வழியாக ஊறி வந்துகொண்டிருந்தது.

மழை பொய்த்தால், அந்த வருடம் கல்யாணமான ஒரு ஜோடி கரட்டுக் குன்றின் உச்சிச் சுனையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடத்தோடு பெண் முன்னால் போவாள். கல்யாண வேட்டியை முறுக்கி, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு கணவன் பின்னால் வருவான். பேசக் கூடாது. அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. வேட்டியை ஒருமுறை இழுத்தால் 'இருக்கேன்'. இரண்டுமுறை இழுத்தால் 'நில்லு'.

போன வருடம் ஏறியவள் சந்தனம்மாள். அவள் கணவன் பூமிநாதன் இறங்கி வந்ததிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. அவன் உட்கார்ந்து எழுந்த சிமெண்டுத் தரை காயவே காயாது. ஏதோ வியர்வை நோய் என்றார்கள்.

காலையில் அடிவாரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டவளும் சந்தனம்மாள்தான். முடிச்சை இறுக்கும் சாக்கில் காதருகே குனிந்தாள்.

"மேல போனதும் ஒருக்காவாச்சும் அவுக மூஞ்சியப் பார்த்துரு. நான் பார்க்கல."

தங்கலட்சுமியின் கணவன் ஜெயக்குமாருக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்க ஏறினாலே கால் நடுங்கும்.

"உன் சேலைய மட்டும் பார்த்துக்கிட்டே வாரேன் தங்கம். பள்ளம் கண்ணுல படாதுல்ல" என்று ஏறுவதற்கு முன் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "நான் சறுக்குனா நீயும்ல சேர்ந்து விழுவ."

"விழுந்தா சேர்ந்தே விழுவோம். பேசாம வாங்க."

கரட்டின் முதுகு அரிவாள்போல வளைந்து உச்சிக்குப் போனது. இரண்டு பாதம் சேர்த்து வைக்க இடமில்லை. இரு பக்கமும் செங்குத்து. கீழே வேலிக்கருவை முள்காடும் வெடித்த கண்மாயும். வளைவு தொடங்கும் இடத்தில் வேட்டி ஒருமுறை தொய்ந்தது. அவள் நின்று, ஒருமுறை இழுத்தாள். பதில் இல்லை. வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு இழுப்பு வந்தது.

அவள் நிம்மதியாக நடந்தாள்.

அதற்குப் பிறகுதான் இந்த ஈரம்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. அதுவரை அவன் மூச்சு வாங்கும் சத்தம் முதுகில் கேட்டுக்கொண்டே வந்தது. இப்போது கேட்கவில்லை. காலடியும் கேட்கவில்லை. தூர்வாராத கிணற்றின் பாசி வாடை மட்டும் நெருங்கி வந்தது.

திரும்பினால் குடம் சாயும். குடம் சாய்ந்தால் கால் தவறும். அவனும் சேர்ந்து போவான். திரும்பாமல் நடந்தாள்.

உச்சி.

சுனை வறண்டு கிடந்தது. பாறை வளைந்து வந்திருந்ததால், ஏறி வந்த பாதையின் பாதி வலது பக்கத்தில் எதிரே தெரிந்தது. தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

அங்கே ஒருவன் பாறையைக் கட்டிப்பிடித்துக் குந்தியிருந்தான். நீலச்சட்டை.

ஜெயக்குமார்.

அவன் இடுப்பில் வேட்டி இல்லை. வளைவிலேயே தன் முனையை அவிழ்த்துவிட்டிருக்கிறான். தான் சறுக்கினாலும் அவள் விழக் கூடாதென்று.

அவள் இடுப்பில் வேட்டி விறைப்பாக நின்றது.

அவன் தலையை உயர்த்தினான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால், சற்று உயரத்தில் பார்த்தான். வாய் திறந்தது. கைகள் பாறையை விட்டன. எழுந்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. அவன் முதுகுக்குப் பின்னால் பாறை இல்லை.

அவளது பழகிய கை தானாக வேட்டியை இரண்டுமுறை இழுத்தது.

நில்லு.

எதிரே நீலச்சட்டை இல்லை. வெறும் பாறை. மறுபக்கச் சரிவில் கற்கள் உருளும் சத்தம் கேட்டு, அடங்கியது.

ஊர்ப்பக்கம், வெகு கீழே, பெண்கள் குலவையிட்டார்கள். உச்சியில் இரண்டு பேர் நிற்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வேட்டி ஒருமுறை, மெதுவாக, இழுபட்டது.